கைவினை, புகைப்படப் புத்தகத்தை நாமே வெளியிடுவது: டம்மி முதல் பைண்டிங் வரை

என் முதல் எம்ப்ராய்டரி புத்தகம் அச்சாகிக் கைக்கு வந்த அன்று நேராக 40, 41-ஆம் பக்கங்களைத்தான் திறந்தேன். சங்கிலித் தையலின் மூன்றாம் கட்டம் அங்கே இருந்தது. ஊசி வந்த துளையிலேயே மீண்டும் இறங்கி, வளையத்துக்குள்ளே சற்றுத் தள்ளி வெளிவரும் இடத்தை இரண்டு பக்கமும் நிறையும்படி பெரிதாகப் போட்டிருந்தேன். திரையில் அவ்வளவு அழகாகத் தெரிந்த படம். அச்சில் ஊசிமுனையைக் காணோம், அது வெளிவரும் துளையையும் காணோம். இரண்டும் பைண்டிங் பள்ளத்துக்குள் போய்விட்டன. அமுக்கித் திறந்தால் முதுகு விரிசல் விட்டது. போதாததற்குச் சிவப்பு நூல் இழையே தெரியாமல், தூரிகையால் இழுத்த கோடு மாதிரி கிடந்தது.

மென்பொருளைக் குறை சொல்ல வழியில்லை. வரிசையை மாற்றிச் செய்தவள் நான். முதலில் மென்பொருளைத் திறந்தேன், படங்களை இழுத்துப் போட்டேன், எல்லாம் முடிந்த பிறகே எந்த அளவு, என்ன தாள், எப்படிப்பட்ட பைண்டிங் என்று அச்சகத்தில் விசாரித்தேன். அதன் பிறகு செய்த புத்தகங்களில் அந்த வரிசையைத் தலைகீழாக்கிக்கொண்டேன். கீழே உள்ளது அந்த வரிசை. கைவினைப் புத்தகத்தை மனத்தில் வைத்து எழுதுகிறேன். புகைப்படத் தொகுப்புக்கும் பெரும்பகுதி அப்படியே பொருந்தும்.

புத்தகம் எப்படித் திறந்து கிடக்க வேண்டும்?

முதல் கேள்வி இதுதான். நாவலை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு படிக்கலாம். தையல் கற்றுக்கொள்பவரின் ஒரு கையில் எம்ப்ராய்டரி வளையம், மறுகையில் ஊசி. புத்தகம் மேசையில் தானாகத் திறந்து கிடக்க வேண்டும். ஆகவே பைண்டிங்தான் முதலில் முடிவாக வேண்டும்.

பெர்ஃபெக்ட் பைண்டிங் என்பது பசை பைண்டிங். மடித்த தாள்களின் முதுகைச் சில மில்லிமீட்டர் சீவிவிட்டுப் பசை தடவி அட்டையை ஒட்டுவார்கள். செலவு குறைவு, அலமாரியில் பார்வையாக நிற்கும். ஆனால் தட்டையாகத் திறக்காது. தடித்த ஆர்ட் பேப்பரில் இன்னும் மோசம். நான் விழுந்த குழி இதுதான். சென்டர் பின் பைண்டிங், அதாவது நடுவில் மடித்துக் கம்பி அடிப்பது, நன்றாகவே திறக்கும். ஆனால் 64 பக்கத்துக்கு மேல் போனால் வயிறு உப்பிவிடும். உள்தாள்கள் வெளியே தள்ளிக்கொண்டு நிற்பதால் வெட்டும்போது நடுப்பக்கங்களின் வெளிவிளிம்பு குறுகும். சுருள் கம்பி பைண்டிங் மேசையில் முழுதாக மடிந்து படுக்கும், வேலை செய்பவருக்கு அதைப்போல வசதி வேறில்லை. முதுகில் தலைப்பு இருக்காது என்பதால் புத்தகக் கடைகள் அதை அவ்வளவாக விரும்புவதில்லை. இரண்டு பக்கங்களில் நீளும் படத்தின் நடுவில் துளைகளும் விழும்.

எனக்குப் பிடித்தது தையல் பைண்டிங். தாள்களைப் பாரம் பாரமாக மடித்து நூலால் தைத்து, பிறகு அட்டை போடுவது. பாரம் என்பது ஒரு பெரிய தாளை மடித்தால் கிடைக்கும் பக்கங்களின் கட்டு. செலவு கூடும். ஆனால் இதில் ஒரு சூட்சுமம் இருக்கிறது. ஒரு பாரம் 16 பக்கம் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு பாரத்தின் நடுவிலும் வரும் இரண்டு பக்கங்கள் ஒரே தாளில் விழும். 96 பக்கப் புத்தகத்தில் அவை 8–9, 24–25, 40–41, 56–57, 72–73, 88–89. அந்த இடங்களில் படம் இடைவெட்டில்லாமல் இரண்டு பக்கத்திலும் ஓடும். என் சங்கிலித் தையல் படம் 40–41-இல்தான் இருந்தது என்பதைக் கவனித்தீர்களா? தையல் பைண்டிங் என்று மட்டும் முடிவு செய்திருந்தால் ஊசிமுனை பிழைத்திருக்கும். பாரம் எத்தனை பக்கம் என்பது அச்சகத்துக்கு அச்சகம் மாறும். 8, 16, 32 என்று இருக்கலாம். கேட்டுத் தெரிந்துகொண்டு இந்தப் பட்டியலை நீங்களே போட்டு மேசை முன்னால் ஒட்டிவையுங்கள்.

அளவு, தாள், பக்க எண்ணிக்கை

இவற்றை அச்சகத்தாரிடம் கேட்டு முடிவு செய்ய வேண்டும், நம் விருப்பத்தை மட்டும் வைத்து முடியாது. பெரிய தாளில் எத்தனை பக்கம் அடங்கும் என்பதைப் பொறுத்து அரை சென்டிமீட்டர் வித்தியாசத்தில் தாள் விரயம் கூடிவிடும். 21 × 21 செ.மீ. சதுரம், ஏ4, ஏ5 போன்ற அளவுகள் பெரும்பாலும் சிக்கல் தருவதில்லை. ஒரு நூலகத்திலோ கடையிலோ உங்கள் மனத்துக்குப் பிடித்த அளவுள்ள புத்தகத்தை எடுத்து அடிக்கோலால் அளந்து வருவது நல்ல தொடக்கம்.

பூச்சுள்ள ஆர்ட் பேப்பரில் நிறம் பளிச்சென்று நிற்கும், பளபளப்பு விளக்கடியில் கண்ணைக் கூசும். அதனால் கைவினைப் புத்தகத்துக்கு மேட் பூச்சு நல்லது. பூச்சில்லாத தாள் தொடுவதற்கு இனிமையானது, அதில் பென்சிலால் குறிப்பும் எழுதலாம். ஆனால் மையை உறிஞ்சுவதால் படங்கள் ஒரு படி இருண்டு, நிறம் மங்கும். தாளின் எடையைவிட, பின்பக்கம் தெரிகிறதா என்பதைப் பாருங்கள். ஒரு பக்கம் கறுப்பு அச்சான மாதிரித் தாளைக் கேட்டு வாங்கி, வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தால் தெரிந்துவிடும். மாதிரித் தாளைத் தர யோசிக்கும் அச்சகத்தில் நான் வேலை கொடுப்பதில்லை.

மொத்தப் பக்கங்கள் பாரத்தின் மடங்காக இருக்கட்டும். 99 பக்கம் என்று போய் நின்றால், 96-க்குச் சுருக்குங்கள் அல்லது 112-க்கு விரியுங்கள். சுருக்குவதே பெரும்பாலும் புத்தகத்துக்கு நல்லது.

டம்மி செய்யுங்கள், கத்தரிக்கோலோடு

இனியும் மென்பொருளைத் திறக்காதீர்கள். வெற்றுத் தாள்களைப் புத்தக அளவுக்கு வெட்டி, எத்தனை பக்கமோ அத்தனையும் மடித்துத் தைத்து அல்லது பின் அடித்து ஒரு டம்மி செய்யுங்கள். முடிந்தால் அச்சகத்தாரிடமே அசல் தாளில், அசல் பைண்டிங்கில், எழுத்தே இல்லாத வெற்று டம்மி ஒன்று கேளுங்கள். பலர் செய்து தருவார்கள். அதைத் திறந்து மேசையில் வைத்து, உள்விளிம்பில் எத்தனை மில்லிமீட்டர் வளைந்து மறைகிறது என்று அடிக்கோலால் அளந்துகொள்ளுங்கள். பிறகு மென்பொருளில் உள்விளிம்பை அமைக்கும்போது அந்த எண்தான் ஆதாரம்.

அடுத்து, படங்களையெல்லாம் சின்னதாக, தீப்பெட்டிக்குச் சற்றுப் பெரிய அளவில், சாதாரணத் தாளில் அச்சிட்டு வெட்டி எடுத்துத் தரையில் பரப்புங்கள். ஒற்றைப்படை எண் எப்போதும் வலப்பக்கம் வரும். எதிரெதிர்ப் பக்கங்களில் எந்த இரண்டு படங்கள் உட்காரப்போகின்றன என்பதைத் தரையில்தான் நன்றாகப் பார்க்க முடியும். திரையில் ஒரு படத்தை ரசிக்கிறோம், தரையில்தான் இரண்டு படங்களின் சண்டை தெரிகிறது. இருண்ட பின்புலப் படமும் வெளிர் பின்புலப் படமும் அருகருகே வந்தால் கண் வெளிர் படத்துக்கே ஓடும், கட்டங்களின் வரிசை குழம்பும். ஒரே தையலின் ஆறு கட்டங்களில் நான்காவதில் மட்டும் விளக்கு இடம் மாறியிருந்தால் நிழல் எதிர்ப்பக்கம் விழுந்து, வாசகர் துணியைத் திருப்பிவிட்டதாக நினைத்துக்கொள்வார். எனக்கு இரண்டு முறை நடந்திருக்கிறது. இரண்டு முறையும் மறுபடி படம் எடுத்தேன்.

புகைப்படத் தொகுப்பானால் இந்தக் கட்டத்துக்கு ஒரு வாரம் கொடுங்கள். தரையில் கிடக்கட்டும். போகும்போதும் வரும்போதும் ஒன்றை எடுத்து ஒன்றை வையுங்கள். உங்களுக்கு மிகவும் பிடித்த படம் ஒன்று எந்த இடத்திலும் சேராமல் முரண்டு பிடிக்கும். அதை வெளியே எடுக்கும் மனம் வரும் நாளில் வரிசை முடிந்துவிட்டது என்று வைத்துக்கொள்ளலாம்.

தரை வரிசை முடிந்ததும் டம்மியில் ஒட்டுங்கள். பசைக் குச்சி போதும். தலைப்புப் பக்கம், உரிமைப் பக்கம், பொருளடக்கம், தேவையான பொருள்களின் பட்டியல், அளவுமாறாத வரைபடங்கள் எல்லாவற்றுக்கும் இடம் இருக்கிறதா என்று இப்போதே தெரிந்துவிடும். வரைபடத்தை வாசகர் நகலெடுக்கவேண்டுமானால் அது பள்ளத்துக்கு அருகில் வரக்கூடாது.

படங்கள்: பிக்சல் கணக்கு

அச்சுக்கு 300 பிபிஐ, அதாவது ஓர் அங்குலத்துக்கு 300 பிக்சல், என்பது எல்லோரும் சொல்லும் எண். அது அச்சாகும் அளவில் இருக்க வேண்டும் என்பதைத்தான் பலர் விட்டுவிடுகிறார்கள். 6000 × 4000 பிக்சல் கொண்ட 24 மெகாபிக்சல் படம் 300-இல் ஏறத்தாழ 51 × 34 செ.மீ. வரை தாங்கும். 21 செ.மீ. சதுரப் புத்தகத்தின் இரண்டு பக்கத்தையும் நிறைக்க அது தாராளம். ஆனால் அதே படத்தில் ஊசிமுனை இருக்கும் 1200 பிக்சல் அகலப் பகுதியை மட்டும் வெட்டி எடுத்து 20 செ.மீ. அகலத்துக்கு விரித்தால் 152 பிபிஐதான் மிஞ்சும். நூலின் முறுக்கு தெரியாது. ஆகவே நெருக்கப் படங்களை நெருங்கிப் போய் எடுங்கள், பிற்பாடு வெட்டிக்கொள்ளலாம் என்று விடாதீர்கள். 220, 240 வந்தாலும் நான் கவலைப்படுவதில்லை. 200-க்குக் கீழே போனால் படத்தைச் சிறிதாக்கிவிடுவேன்.

பெரும்பாலான பக்க வடிவமைப்பு மென்பொருள்கள் ஒவ்வொரு படத்துக்கும் அசல் பிபிஐ, பக்கத்தில் வைத்த பிறகான பிபிஐ என்று இரண்டு எண்களைக் காட்டும். இரண்டாவதைப் பாருங்கள். செய்தியனுப்பும் செயலிகள் வழியாக வந்த படங்கள் பெரும்பாலும் சுருக்கப்பட்டிருக்கும். நண்பர் எடுத்த படமானால் அசல் கோப்பையே கேட்டு வாங்குங்கள்.

கைவினைப் படங்களைச் செய்பவரின் கண் இருக்கும் இடத்திலிருந்து, அதாவது தோளுக்கு மேலிருந்து எடுங்கள். எதிரில் நின்று எடுத்தால் இடது வலது மாறி, படிப்பவர் ஒவ்வொரு கட்டத்தையும் மனத்துக்குள் திருப்பிப் பார்க்க வேண்டியிருக்கும்.

இப்போது மென்பொருள்

வேர்டு போன்ற எழுத்துச் செயலிகளில் பத்துப் பக்கத்துக்கு மேல் படம் வைத்தவர்களுக்கு, ஒரு படத்தை நகர்த்தினால் மற்ற ஒன்பதும் எங்கெங்கோ ஓடும் அனுபவம் இருக்கும். பக்க வடிவமைப்பு மென்பொருளில் ஒவ்வொரு படமும் எழுத்தும் தனித்தனிச் சட்டத்துக்குள் இருக்கும், வைத்த இடத்தில் நிற்கும். 1999-இல் வந்த அடோபி இன்டிசைன் தொழில்முறையினரிடம் அதிகம் புழங்குகிறது. ஸ்க்ரைபஸ் கட்டற்ற மென்பொருள், காசு வேண்டாம். அஃபினிட்டி பப்ளிஷர் 2019-இல் வந்தது, கற்றுக்கொள்ள எளிது; 2025-இல் அது அஃபினிட்டி என்ற ஒரே செயலிக்குள் சேர்ந்துவிட்டது.

தமிழில் எழுதுகிறவர்கள் இங்கே ஒரு நிமிடம் நிற்க வேண்டும். எந்த மென்பொருளைத் தேர்ந்தெடுத்தாலும், முதலில் ஒரு வெற்றுப் பக்கத்தில் ‘கொக்கு, கௌதாரி, ஸ்ரீ, க்ஷ’ என்று ஒட்டிப் பாருங்கள். ஒற்றைக்கொம்பு எழுத்துக்கு முன்னால் வராமல் பின்னால் தொங்கினாலோ, துணைக்காலுக்கு முன் வெற்று வட்டம் தோன்றினாலோ, அந்த மென்பொருள் அல்லது அந்த அமைப்பு தமிழைக் கோக்கவில்லை என்று பொருள். இன்டிசைனில் பத்தி அமைப்பில் வேர்ல்ட்-ரெடி கம்போசரைத் தேர்ந்தெடுத்தால் சரியாகிவிடும். ஸ்க்ரைபஸின் பழைய 1.4 வரிசையில் தமிழ் உடைந்துதான் வரும். 2024 தொடக்கத்தில் வெளியான 1.6-இல் சரியாக வருகிறது. பழைய டிடிபி எழுத்துருக்களில் தட்டச்சு செய்த கட்டுரைகள் கையில் இருந்தால், அவற்றை முதலிலேயே யூனிகோடுக்கு மாற்றி ஒருமுறை முழுதாக மெய்ப்புப் பாருங்கள். மாற்றும்போது ஒற்றெழுத்துகள் சில காணாமல் போகும் வழக்கம் உண்டு.

எழுத்துருவின் உரிமத்தையும் பார்த்துவிடுங்கள். நோட்டோ செரிஃப் தமிழ், நோட்டோ சான்ஸ் தமிழ் ஆகியவை திறந்த உரிமம் கொண்டவை, அச்சுப் புத்தகத்தில் தயங்காமல் பயன்படுத்தலாம்.

கோப்பை அமைப்பது

புதிய ஆவணத்தைத் திறக்கும்போது நான்கு எண்கள் கையில் இருக்க வேண்டும்: வெட்டிய பிறகான பக்க அளவு, பக்க எண்ணிக்கை, விளிம்புகள், ப்ளீடு. ப்ளீடு என்பது பக்க ஓரம் வரை போகும் படத்தை வெட்டுக்கோட்டுக்கு அப்பாலும் நீட்டி வைப்பது. வெட்டும் இயந்திரம் அரை மில்லிமீட்டர் நகர்ந்தாலும் ஓரத்தில் வெள்ளைக் கீற்று தெரியாமல் இருக்க அது தேவை. வழக்கமாக 3 மி.மீ. அதே காரணத்தால் முக்கியமான எதையும் வெட்டுக்கோட்டுக்கு உள்ளே 5 மி.மீ.க்குள் வைக்காதீர்கள். படத்தைச் சுற்றி ஓரத்தை ஒட்டி மெல்லிய கட்டம் போடும் ஆசை வந்தால் அடக்கிக்கொள்ளுங்கள். வெட்டு சற்று நகர்ந்தாலும் ஒரு பக்கம் தடித்தும் மறுபக்கம் மெலிந்தும் நிற்கும்.

உள்விளிம்பு டம்மியில் அளந்த எண்ணோடு பத்து மில்லிமீட்டராவது கூட்டியதாக இருக்கட்டும். கீழ்விளிம்பு மேல்விளிம்பைவிடப் பெரிதாக இருந்தால் பக்கம் கண்ணுக்கு அமைதியாகத் தெரியும். பழைய புத்தகங்களின் விளிம்புகளை ஆராய்ந்த புத்தக வடிவமைப்பாளர் யான் சிஹோல்டு உள், மேல், வெளி, கீழ் என்று 2:3:4:6 விகிதம் சொன்னார். எழுத்து மட்டும் உள்ள புத்தகத்துக்கு அது அருமை. படப் புத்தகத்தில் அவ்வளவு வெள்ளையை விட மனம் வராது, பசை பைண்டிங்கில் அவ்வளவு குறுகிய உள்விளிம்பும் ஆகாது. கீழே அதிகம் விடும் பழக்கத்தை மட்டும் எடுத்துக்கொள்கிறேன்.

பக்க எண், அத்தியாயத் தலைப்பு போன்று திரும்பத் திரும்ப வருபவற்றை மாஸ்டர் பக்கத்தில் ஒருமுறை வையுங்கள். தலைப்பு, உடல் எழுத்து, படக்குறிப்பு, கட்ட எண், பொருள் பட்டியல் ஒவ்வொன்றுக்கும் ஒரு பத்தி ஸ்டைல் அமையுங்கள். முதல் நாள் இது வெட்டிவேலை மாதிரி இருக்கும். படக்குறிப்பு எழுத்து சிறிதாக இருக்கிறது என்று 90-ஆம் பக்கத்தில் தெரியவரும்போது, ஒரே இடத்தில் எண்ணை மாற்றினால் புத்தகம் முழுதும் மாறும்.

தமிழ்ச் சொற்கள் நீளமானவை. குறுகிய பத்தியில் இருபுறமும் சமன் செய்தால் சொற்களுக்கிடையில் ஓட்டைகள் விழும். கட்டங்களை விளக்கும் குறுகிய பத்திகளை இடப்பக்கம் மட்டும் ஒழுங்காக்கி விடுவதே பார்க்க நன்றாக இருக்கிறது. கீழ் வளைவுகளும் மேல் சுழிகளும் ஒன்றோடொன்று முட்டாமல் இருக்க, 11 புள்ளி எழுத்துக்கு 16 புள்ளி வரி இடைவெளி விடுகிறேன். கைக்கு எட்டும் தூரத்தில் வைத்துப் படிக்கப்படும் புத்தகம் என்பதால் 10-க்குக் கீழே போகவேண்டாம்.

படங்களைக் கோப்புக்குள் ஒட்டாமல் இணைப்பாகவே வையுங்கள். ஒரே கோப்புறைக்குள் எல்லாப் படங்களும் இருக்கட்டும்; பெயரைப் பாதியில் மாற்றாதீர்கள்.

நிறம்: சிவப்பு நூலின் கதை

திரை ஆர்ஜிபியில், அதாவது சிவப்பு, பச்சை, நீல ஒளியால் நிறம் காட்டுகிறது, அச்சு சயான், மெஜந்தா, மஞ்சள், கறுப்பு மைகளால் காட்டுகிறது. திரையில் இருக்கும் சில பளீர் நீலங்களும் பச்சைகளும் ஆரஞ்சும் மையில் கிடைக்காது. இது எல்லோரும் சொல்வது. என் சிவப்பு நூலுக்கு நேர்ந்தது சற்று வேறு.

சிவப்பு அச்சில் மெஜந்தாவும் மஞ்சளும் சேர்ந்து பிறக்கிறது. என் நூல் அவ்வளவு செறிவான சிவப்பு. இரண்டு மைகளும் ஏறத்தாழ நூறு சதவீதம் நிறைந்துவிட்டன. அதற்கு மேல் ஏற இடமில்லை, நூல் முழுதும் ஒரே அளவு. முறுக்கின் மேடு பள்ளத்தைக் காட்டும் வேலை சயானுக்கும் கறுப்புக்கும் மட்டுமே மிஞ்சியது, படத்திலோ அவை இல்லை. படம் எடுக்கும்போதே சிவப்புச் சேனல் எல்லை தாண்டி வழிந்திருந்தது. இப்போது சிவப்பு நூலை எடுக்கும்போது ஒளியைச் சற்றுக் குறைத்து எடுக்கிறேன், திருத்தும்போது சிவப்பின் செறிவை மட்டும் இறக்குகிறேன். திரையில் கொஞ்சம் சோர்ந்த சிவப்பாகத் தெரியும். அச்சில் இழை இழையாக எழுந்து நிற்கும்.

அச்சகத்தாரிடம் எந்த ஐசிசி புரொஃபைல் என்று கேளுங்கள். அந்தத் தாளில், அந்த மையில் நிறம் எப்படி வரும் என்று மென்பொருளுக்குச் சொல்லும் கோப்பு அது. பூச்சுள்ள தாளுக்கு ஃபோக்ரா39 அல்லது ஃபோக்ரா51, பூச்சில்லாததற்கு ஃபோக்ரா52 என்பது போல ஏதேனும் ஒன்றைச் சொல்வார்கள். அதை மென்பொருளில் ஏற்றி, திரையிலேயே அச்சு முன்னோட்டத்தைப் பாருங்கள். அசல் படங்களை ஆர்ஜிபியிலேயே வைத்திருந்து ஏற்றுமதியின்போது மாற்றுவது நல்லது. தாள் மாறினால் புரொஃபைலை மட்டும் மாற்றினால் போதும்.

அச்சில் படம் இருண்டுவிட்டது என்ற புகாருக்குப் பெரும்பாலும் காரணம் திரையின் வெளிச்சம். முழு வெளிச்சத்தில் வைத்த திரையில் நிழல்கூட ஒளிரும். வேலை செய்யும் விளக்கடியில் ஒரு வெள்ளைத் தாளைத் திரைக்குப் பக்கத்தில் பிடித்து, திரையின் வெள்ளை அந்தத் தாளைப்போலத் தெரியும் வரை வெளிச்சத்தைக் குறையுங்கள். கருவி வைத்து அளப்பவர்களுக்குச் சதுர மீட்டருக்கு 80 முதல் 120 கேண்டெலா வரை சரியான அளவு.

இதற்கெல்லாம் மேல் ஒரு மலிவான தந்திரம் உண்டு. மிக இருண்ட படம், மிக வெளிர் படம், தோல் நிறம், சிவப்பு நூல், வெள்ளைத் துணி என்று எட்டுப் படங்களை ஒரே தாளில் அடுக்கி, அசல் தாளில், அதே இயந்திரத்தில் ஒரே ஒரு பிரதி அச்சிட்டு வாங்குங்கள். பகல் வெளிச்சத்தில் பாருங்கள். பிறகு மற்ற படங்களைத் திருத்துங்கள்.

செய்து பார்க்க ஒருவர்

எழுத்துப்பிழை பார்க்க ஒருவர் வேண்டும். கைவினைப் புத்தகத்துக்கு, பக்கத்தைப் பார்த்துச் செய்து பார்க்க இன்னொருவரும் வேண்டும். தையலே தெரியாத என் சித்தியிடம் அச்சிட்ட பக்கங்களையும் ஊசி நூலையும் கொடுத்துவிட்டு, வாய் திறக்காமல் உட்கார்ந்தேன். ‘நூலை இழுக்கவும்’ என்று எழுதியிருந்தேன். சித்தி பலமாக இழுத்தார். துணி சுருங்கி, வளையம் இருந்த இடம் தெரியாமல் போனது.

“இழுக்கச் சொல்லியிருக்கிறாய், இழுத்தேன்” என்றார்.

“அவ்வளவு இழுக்கக்கூடாது சித்தி.”

“அதை இதில் எங்கே எழுதியிருக்கிறாய்?”

‘வளையம் துணியில் படியும் வரை மெதுவாக இழுக்கவும்’ என்று திருத்தினேன். அன்று மாலைக்குள் இப்படி பதினொரு இடம். அவர் தடுமாறும்போதெல்லாம் உதவிக்குப் போகாமல் பென்சிலால் பக்க எண்ணைக் குறித்துக்கொள்வதுதான் கடினமான வேலை.

ஏற்றுமதிக்கு முன்

மென்பொருளின் முன்சோதனை வசதியை ஓட்டுங்கள். காணாமல் போன படங்கள், இல்லாத எழுத்துரு, சட்டத்துக்குள் அடங்காமல் மறைந்துபோன வரிகள் ஆகியவற்றை அது காட்டிக்கொடுக்கும். அதற்குத் தெரியாத ஒன்று கறுப்பு. உடல் எழுத்து கறுப்பு மையில் மட்டும் நூறு சதவீதமாக இருக்க வேண்டும். வேறு செயலியிலிருந்து ஒட்டிய எழுத்து நான்கு மையும் கலந்த கறுப்பாக வந்துவிடும். நான்கு மைகளும் இம்மியளவு விலகி விழுந்தால் சிறு எழுத்துகளைச் சுற்றி நிற நிழல் தட்டும். மைத்தட்டுகளைத் தனித்தனியாகக் காட்டும் முன்னோட்டத்தில் கறுப்பை மட்டும் அணைத்துப் பாருங்கள். எழுத்து முழுதும் மறைய வேண்டும். படத்தின் இருண்ட பகுதிகளில் மொத்த மை 300 முதல் 330 சதவீதத்துக்கு மேல் போனால் தாள் காயாது. உங்கள் தாளுக்கான எல்லையை அச்சகத்தார் சொல்வார்.

ஏற்றுமதி பிடிஎஃப் கோப்பாக. அச்சகம் வேறு சொல்லாவிட்டால், அச்சுக்கென்றே வகுத்த பிடிஎஃப்/எக்ஸ்-4 வகையைத் தேர்ந்தெடுங்கள். பழைய அமைப்புகளை வைத்திருப்பவர்கள் எக்ஸ்-1ஏ கேட்கலாம், அதில் எல்லாம் மை நிறங்களாகவே மாற்றப்பட்டு, ஒளிபுகும் அடுக்குகள் தட்டையாக்கப்படும். ப்ளீடைச் சேர்க்க மறக்காதீர்கள். பக்கங்களைத் தனித்தனியாக அனுப்புங்கள், இரண்டிரண்டாக ஒட்டி வேண்டாம். பாரத்துக்கு ஏற்ப அடுக்குவது அச்சகத்தின் வேலை. பிடிஎஃபைத் திறந்து தமிழ் எழுத்துகளை மீண்டும் ஒருமுறை முதலிலிருந்து பாருங்கள். மென்பொருளில் சரியாக இருந்த கொம்பு ஏற்றுமதியில் உடைந்து நான் பார்த்திருக்கிறேன்.

அட்டை

அட்டை தனிக் கோப்பு. பின்னட்டை, முதுகு, முன்னட்டை மூன்றும் ஒரே துண்டு. முதுகின் அகலத்தைக் கணக்கிட, பக்க எண்ணிக்கையில் பாதியைத் தாளின் தடிமனால் பெருக்குங்கள். 96 பக்கம் என்றால் 48 தாள். ஒரு தாள் 0.12 மி.மீ. என்று அச்சகத்தார் சொன்னால் முதுகு 5.76, ஏறத்தாழ 6 மி.மீ. அப்போது 21 செ.மீ. சதுரப் புத்தகத்தின் அட்டை அகலம் 3 + 210 + 6 + 210 + 3, மொத்தம் 432 மி.மீ.; உயரம் 216. உள்தாளை மாற்றினால் முதுகும் மாறும், அதனால் அட்டையைக் கடைசியில் முடியுங்கள். 6 மி.மீ. முதுகில் தலைப்பு வைப்பது விஷப்பரீட்சை. மடிப்பு ஒரு மில்லிமீட்டர் நகர்ந்தால் எழுத்து முன்னட்டைக்கு ஏறிவிடும்.

கடைகளில் விற்பதானால் ஐஎஸ்பிஎன், அதாவது புத்தகத்தை அடையாளம் காட்டும் சர்வதேச எண், வாங்க வேண்டும். 2007 முதல் அது 13 இலக்கம். கெட்டி அட்டை, மெல்லட்டை, மின்னூல் ஒவ்வொன்றுக்கும் தனி எண். அதன் பட்டைக்குறியீடு பின்னட்டையில் வெள்ளைப் பின்னணியில் கறுப்பாக இருக்கட்டும். முழு அளவில் அது 37.29 × 25.93 மி.மீ. இடம் கேட்கும், அழகுக்காகச் சிவப்பில் போட்டால் ஸ்கேனர் படிக்காது. படத்தில் முகம் தெரிபவர்களின் ஒப்புதலையும், பிறர் உருவாக்கிய வடிவங்களைப் பயன்படுத்தியிருந்தால் அவர்கள் அனுமதியையும் எழுத்தில் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

எத்தனை பிரதி?

சில நூறு பிரதிகள் வரை டிஜிட்டல் அச்சு கட்டுப்படியாகும், பெரும்பாலும் ஆயிரத்தை நெருங்கும்போது, தகடு செய்து அச்சிடும் ஆஃப்செட் மலியும். தேவைக்கேற்ப ஒவ்வொன்றாக அச்சிட்டுத் தரும் சேவைகளில் முதலீடு இல்லை, ஆனால் தாளும் பைண்டிங்கும் அவர்கள் பட்டியலில் இருப்பதுதான். முதல் புத்தகத்துக்குக் குறைவாகவே அச்சிடுங்கள். உலகின் முதல் புகைப்படப் புத்தகமே இப்படி வந்ததுதான்: 1843-இல் இங்கிலாந்தின் தாவரவியலாளர் அன்னா அட்கின்ஸ் கடற்பாசிகளை, ஒளி பட்டு நீலமாகும் தாளில் படங்களாகப் பதித்து, கையால் எழுதிய வாசகங்களையும் அதே முறையில் அச்செடுத்து, பகுதி பகுதியாகத் தாமே வெளியிட்டார். பத்தாண்டு பிடித்தது. பிரதிகளும் ஒரு சிலவே.

மொத்த அச்சுக்கு முன்னால் கட்டாயம் ஒரு முழுப் பிரதி, பைண்டிங்கோடு, மெய்ப்பாகக் கேளுங்கள். திரையில் பிடிஎஃப் பார்த்து ஒப்புதல் தர வேண்டாம். வந்த பிரதியில் பக்கங்கள் வரிசையாக இருக்கின்றனவா என்று ஒன்று ஒன்றாகப் புரட்டுங்கள். பாரம் மாறித் தைப்பது இன்றும் நடக்கிறது. அளவுமாறாத வரைபடங்களை அடிக்கோலால் அளந்து பாருங்கள். பிறகு மேசையில் திறந்து வைத்து, ஊசி நூலை எடுத்து, ஏதேனும் ஒரு பக்கத்தைச் செய்து பாருங்கள்.

எல்லாம் அச்சானதும், மென்பொருளின் தொகுப்பு வசதியால் ஆவணம், படங்கள், எழுத்துருக்கள், அச்சுக்குப் போன பிடிஎஃப் எல்லாவற்றையும் ஒரு கோப்புறையில் சேர்த்து இரண்டு இடங்களில் பத்திரப்படுத்துங்கள். முதல் பிரதியை விற்காமல் வைத்துக்கொண்டு, வாசகர்கள் சொல்லும் பிழைகளை அதிலேயே பென்சிலால் குறித்து வாருங்கள். என் முதல் புத்தகத்தின் அந்தப் பிரதி இன்னும் மேசையில் இருக்கிறது. 40, 41-ஆம் பக்கங்கள் முதுகிலிருந்து பிய்ந்து வந்துவிட்டன. ஊசிமுனை இப்போது நன்றாகத் தெரிகிறது.